தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து மன்னார் பாடசாலைக்கு: பிள்ளைகளோடு நாடு திரும்புகிறவர்களுக்கு

தமிழ்நாட்டு அகதி முகாமில் இருக்கும் சொந்தக்காரர்கள் போன் எடுத்தால் சுகம் விசாரித்த கையோடு கேட்பது இதைத்தான்: "அங்க படிப்பு எப்படி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?" எந்த நாட்டுப் படிப்பு நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்ல என்னால் முடியாது. பிள்ளைக்கு என்ன வயது, இப்போது எந்த வகுப்பு, என்ன படிக்க ஆசை என்று திருப்பிக் கேட்பேன். இரண்டு நாடும் பள்ளிக்கூடத்தை இலவசமாகத் தருகின்றன. ஆனால் எந்த வயதில், எதை வைத்துப் பிள்ளைகளை வடிகட்டுகின்றன என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. அது தெரியாமல் வந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் காலம் வீணாகும்.

நாங்கள் 2018 நடுப்பகுதியில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து இலங்கையின் மன்னாருக்குத் திரும்பினோம். மகள் அப்போதுதான் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி நல்ல மார்க் எடுத்திருந்தாள். மகன் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தான். இருவரும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகள். புத்தகம், சீருடை, மத்தியானச் சாப்பாடு, முட்டை எல்லாம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது போலவே என் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. குடியுரிமை இல்லாத எங்களை அந்தப் பள்ளிகள் ஒருநாளும் வேறாகப் பார்க்கவில்லை. அதை நன்றியோடு சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்பில் மகளுக்கு ஐந்து பாடம்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். அந்தக் காலத்தில் ஒரு மார்க் கேள்விகளில் பெரும்பாலானவை புத்தகத்தில் பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சியிலிருந்தே வரும், ஆகவே புத்தகத்தை வரிவரியாகக் கரைத்துக் குடித்த பிள்ளை கட்டாயம் மேலே வந்துவிடும். இங்கே தரம் 11 முடிவில் எழுதுகிற ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்கு ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் எல்லாருக்கும் கட்டாயம், மிச்சம் மூன்றை நாங்கள் தெரிவு செய்யலாம். சைவநெறி என்று ஒரு பாடம் இருக்கிறது, அதற்கும் பரீட்சை இருக்கிறது என்பதே அவளுக்குப் புதிது. கணிதத்துக்கு இரண்டு தாள். கேள்விகளும் புத்தகத்தில் உள்ளபடி வராது, கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள்.

வயதுப்படி பார்த்தால் அவள் தரம் 11க்குப் போக வேண்டியவள். பாடசாலை அதிபர், அங்கத்தைய தலைமையாசிரியர் மாதிரி, மார்க் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா பதினொன்றில விட்டா டிசம்பர்ல ஓ.எல். எழுதோணும். வரலாறும் சைவநெறியும் அஞ்சாறு மாசத்தில ஏலாது. பத்தில விடுங்கோ." மகளுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. பாஸ் பண்ணின வகுப்பில் திரும்ப இருக்கச் சொல்கிறார்கள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு இருக்கச் சொல்கிறார்கள் என்று அழுதாள். ஆனால் நான் அதிபர் சொன்னதையே கேட்டேன், இன்றைக்கும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரு வருடம் கீழே போடுவது தண்டனையில்லை. ஓ.எல்.லில் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி (பாஸ்), அதில் மூன்று பாடத்துக்குத் திறமைச் சித்தி (கூடுதல் புள்ளியோடு பாஸ்) என்று இருந்தால்தான் ஏ.எல். (உயர்தரம், அங்கத்தைய பதினொன்று, பன்னிரண்டு மாதிரி) படிக்கலாம். அவசரப்பட்டு எழுதிக் கணிதத்தில் தவறினால் போகும் காலம் அதைவிடக் கூட.

வரலாற்றுப் பாடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பிள்ளை உண்மையாகவே தடுமாறினாள். திருச்சியில் ராஜராஜ சோழன் என்றால் பெருமை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில், கடற்படை, ஈழத்தை வென்றது என்று படித்து அதற்கு மார்க்கும் வாங்கியவள். இங்கே தரம் 10 புத்தகத்தைத் திறந்தால் அதே சோழர்கள் 993இல் அனுராதபுரத்தைப் பிடித்த படையெடுப்பாளர்கள், 1070இல் அவர்களைத் துரத்திய முதலாம் விஜயபாகுதான் வீரன். "அப்பா, இது அதே ராஜராஜனா?" என்று கேட்டாள். அதே ராஜராஜன்தான். நான் இரண்டு புத்தகத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, எந்த நாடு தன் பிள்ளைகளுக்கு எதைச் சொல்ல விரும்புகிறது என்று அவளோடு இருந்து பேசினேன். இலங்கை வரலாற்றுப் புத்தகத்தில் தமிழருக்குரிய இடம் குறைவு என்று இங்குள்ள தமிழ் ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், அது நியாயமான முறைப்பாடு. தமிழ்நாட்டுப் புத்தகத்திலும் தோற்ற பக்கத்தின் கதை இல்லை. இரண்டையும் படித்த பிள்ளைக்கு ஒரு லாபம் உண்டு: எந்தப் புத்தகத்தையும் முழுசாக நம்பாமல் படிக்கப் பழகிவிடும். சரி, பரீட்சைக்கு என்ன செய்வது என்றால் இங்குள்ள புத்தகத்தின்படிதான் எழுத வேண்டும், வேறு வழி இல்லை.

விஞ்ஞானப் பாடத்தில் இன்னொரு சிக்கல், இதைச் சிறியதென்று நினைக்காதீர்கள். அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். ஆக்சிஜன் ஒட்சிசன் ஆகிறது, எலக்ட்ரான் இலத்திரன் ஆகிறது. இவை இரண்டு மாதத்தில் பழகிவிடும். ஆபத்தானது 'வேகம்'. அங்கே திசையில்லாத அளவுக்கு அந்தப் பெயர், திசையோடு சேர்ந்தால் திசைவேகம். இங்கே திசையில்லாதது கதி, திசையுள்ளதுதான் வேகம். ஒரே சொல், வேறு கணக்கு. தவணைப் பரீட்சையில் மகளுக்கு இந்த இடத்தில்தான் புள்ளி போனது. ஒரு கொப்பியில் இரண்டு பக்கமும் எழுதி வைத்துப் படித்தாள். வருகிற பிள்ளைகளுக்கு முதல் மாதமே அப்படி ஒரு கொப்பி போட்டுக் கொடுங்கள். ஆங்கில மீடியத்தில் படித்து வருகிற பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். இங்கே வடக்கில் பெரும்பாலான பாடசாலைகளில் எல்லாமே தமிழில்தான், ஏ.எல். விஞ்ஞானம் வரைக்கும். பிறகு பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் பொறியியலும் திடீரென்று ஆங்கிலத்துக்கு மாறிவிடும். அந்தத் தாவலுக்கு நாடு பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதே இல்லை, எனக்கு இது பெரிய குறையாகத்தான் தெரிகிறது.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். இலங்கையில் ஏ.எல். என்பது வெறும் பள்ளி இறுதிப் பரீட்சை இல்லை. மூன்று பாடம், அவற்றின் புள்ளிகளிலிருந்து கணக்கிடப்படும் இசட் புள்ளி, அதை வைத்து அரச பல்கலைக்கழக அனுமதி. 2022 ஏ.எல். எழுதியவர்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பல்கலைக்கழகத் தகுதி பெற்றார்கள், உள்ளே எடுக்கப்பட்டவர்கள் நாற்பதாயிரத்துச் சொச்சம். மற்றவர்களும் தகுதியுள்ளவர்கள்தான், ஆனால் அவர்களுக்கு இடமில்லை. அதிகபட்சம் மூன்று தடவை எழுதலாம். 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரைக்கும் போகிறது, உள்ளே போய்விட்டால் படிப்புக்குக் காசில்லை, வசதி குறைந்தவர்களுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. அந்த உள்ளே போவதற்குத்தான் இத்தனை பாடு.

இருக்கிற இடங்களை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை வருகிறவர்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்ற பெரும்பாலான துறைகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக. மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அதனால் கொழும்பில் மருத்துவத்துக்குப் போதாத ஒரு இசட் புள்ளி இங்கே போதும். பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் எங்கே படித்தார் என்று பார்த்துத்தான் மாணவரின் மாவட்டத்தைத் தீர்மானிப்பார்கள். ஏ.எல்.லுக்குக் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்து மாவட்டச் சலுகை கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பிந்தி வந்தால் எங்கேயும் சேராமல் நிற்கிற நிலைமை வரும்.

இதை எழுதும்போது எங்கள் பெரியவர்களின் முகம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்து, தமிழில் எழுதிய பிள்ளை சிங்களத்தில் எழுதிய பிள்ளையைவிடக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டும் என்று ஆனபோது யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் கனவு கலைந்தது என்று என் பெரியப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம், அதற்குச் சமாதானம் சொல்ல ஒன்றுமில்லை. 1974இல் வந்த மாவட்ட முறையையும் அதே கசப்போடுதான் அவர் பார்த்தார். ஆனால் வன்னியிலும் மன்னாரிலும் இருந்து பார்க்கிறவனுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. ஆய்வுகூடம் இல்லாத, பௌதிக ஆசிரியர் வருடத்தின் பாதிக்கு இல்லாத பாடசாலைப் பிள்ளையை யாழ் நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே கோட்டில் நிறுத்துவது எந்த நியாயம்? மொழியை வைத்து வெட்டியது ஒன்று, ஊரின் வசதியைப் பார்த்துக் கொடுத்தது இன்னொன்று. இரண்டையும் ஒரே பெயரில் திட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

தமிழ்நாடு இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. அங்கே சமூகத்தைப் பார்க்கிறார்கள். 69 சதவீத இடஒதுக்கீடு, அதற்குள் பிரிவுகள். மன்னாரில் கார் வைத்திருக்கிற மருத்துவரின் பிள்ளைக்கும் இங்கே மாவட்டச் சலுகை உண்டு, கொழும்பில் சேரிக் குடிசையில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை. தமிழ்நாட்டில் தர்மபுரி மூலையில் இருக்கிற பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ஒரே பிரிவென்றால் ஒரே கட்-ஆஃப். இரண்டு முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 2020இல் மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தபோது தமிழ்நாடு அந்த ஓட்டையின் ஒரு பகுதியை அடைத்தது. எனக்கு அது மிகவும் பிடித்த சட்டம், ஏனென்றால் எங்கே படித்தாய் என்று அது கேட்கிறது. மருத்துவத்துக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்ததிலிருந்து பள்ளியில் படித்ததற்கு மேல் ஒன்றிரண்டு வருடம் கோச்சிங்குக்குக் காசு கட்டுகிற வீடுகளே முன்னால் நின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடாவது வேண்டும்.

கொட்டப்பட்டில் எங்களுக்குப் பழக்கமான ஊர்க்கார அக்கா ஒருவர் இருந்தார். அவருடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்ச். அந்தப் பிள்ளை பன்னிரண்டு முடித்து, ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் பொறியியல் இடம் எடுத்து, தனியார் கல்லூரியில் படித்து 2024இல் வெளியே வந்துவிட்டாள். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வை 2007இலேயே தமிழ்நாடு எடுத்துவிட்டது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் போதும். கல்லூரிகளும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. உயர்கல்விக்குப் போகிற வயதுப் பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் அங்கே போகிறார்கள் என்று 2021-22 மத்திய அரசுக் கணக்கு சொல்கிறது, இந்தியா முழுவதுக்கும் அது 28.4தான். பிறகு தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு மாதம் 1000 ரூபாயும் வந்தது. ஆனால் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்கா வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை. படிப்புக்கேற்ற வேலைக்கும் அந்தப் பிள்ளை இன்னும் அலைகிறாள்.

என் மகள் அதே நேரத்தில் எங்கே நின்றாள் தெரியுமா? ஏ.எல். உயிரியல் பிரிவு படிக்கும்போது கொரோனா, அது முடிய 2022 பொருளாதார நெருக்கடி. பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு, எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளைப் பூட்டினார்கள். 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் நடந்தது. முடிவுக்கும் அனுமதிக்கும் இன்னும் காத்திருப்பு. மருத்துவத்துக்குப் புள்ளி போதவில்லை, விவசாய பீடம் கிடைத்தது. இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் படிக்கிறாள். கூட்டாளி பட்டம் முடித்து வெளியே வந்த வருடத்தில் இவள் உள்ளே போகிறாள், வித்தியாசம் அவ்வளவு. படிப்புக்காக நாங்கள் ஒரு சதம் கடன் வாங்கவில்லை என்பதும் உண்மை. எது மேல் என்று அவரவர் குடும்பநிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நாலைந்து வருடம் வருமானம் இல்லாமல் பொறுத்திருக்க முடியாத வீட்டுக்கு இலங்கை முறை கடினம், இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மகனுடைய கதை வேறு. சின்ன வயதில் வந்ததால் பாடமும் சொற்களும் அவனுக்குப் பிரச்சினையே இல்லை. அவனை அமுக்கியது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. வறிய பிள்ளைகளுக்கு உதவிப்பணம் கொடுக்கவும் நல்ல பாடசாலைக்கு மாற்றவும் ஏற்படுத்திய பரீட்சை, இன்றைக்கு பத்து வயதுப் பிள்ளையைப் பின்னேரம் முழுக்க ரியூசனில் உட்கார வைக்கிற பரீட்சையாகிவிட்டது. தமிழ்நாட்டில் அவன் இருந்திருந்தால் பத்தாம் வகுப்பு வரைக்கும் இப்படி ஒன்றுக்கு முகம் கொடுத்திருக்க மாட்டான். இந்தப் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பிள்ளை பாடசாலையில் எதையும் இழக்காது, இருக்கிற பாடசாலையிலேயே படிக்கலாம். அதைப் பெற்றோர் முதலில் நம்ப வேண்டும். நாங்கள் பழைய வினாத்தாள்களை மட்டும் வீட்டில் செய்ய வைத்தோம், தனி வகுப்புக்கு அனுப்பவில்லை. வெட்டுப்புள்ளிக்குக் கீழேதான் வந்தான். இப்போது ஓ.எல். வகுப்பில் இருக்கிறான், ஒரு குறையும் இல்லை.

சிங்களத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு மொழிக் கொள்கை என்றாலே 1968இன் இருமொழிக் கொள்கைதான் மனதில் நிற்கும். மூன்றாவது மொழியைத் திணிக்காதே என்று ஒரு மாநிலமே நிற்கிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காக 2,152 கோடி ரூபாய் மத்திய நிதி நிறுத்தப்பட்டபோதும் அசையவில்லை. அந்த உறுதியை நான் மதிக்கிறேன். அதே மனதோடு இங்கே வந்து, சிங்களம் படிக்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். தமிழ் 1987க்குப் பிறகு சட்டத்தில் அரச கரும மொழிதான், ஆனாலும் பொலிஸிலும் வங்கியிலும் கொழும்பு அலுவலகத்திலும் சிங்களம் தெரியாதவன் இன்றைக்கும் அடுத்தவர் துணையோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது. தரம் 6லிருந்து பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிறார்கள், கற்பிக்க ஆசிரியர்தான் போதாது. மகள் அந்த வகுப்புகளைத் தாண்டி வந்ததால் அவளுக்குச் சிங்களம் இல்லை, பீடத்தில் தென்பகுதிப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் சமாளிக்கிறாள். மகன் கடைக்காரரோடு சிங்களத்தில் விலை பேசுகிறான்.

அப்புறம் கடதாசி வேலைகள். அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்பை சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து, குடியுரிமைச் சான்றிதழ் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். பாடசாலையில் சேர்க்க மட்டும் அது இல்லாமலும் முடியும், ஆனால் அடையாள அட்டைக்கும் பரீட்சைக்கும் போகும்போது எல்லாம் அந்தச் சான்றிதழில்தான் வந்து நிற்கும். டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்), எல்லா வருட மார்க் சீட்டுகள், பத்தாம் பன்னிரண்டாம் வகுப்பு மூலச் சான்றிதழ்கள், தடுப்பூசி அட்டை எல்லாம் கைப்பையில் வரட்டும், பொதிகளோடு அனுப்ப வேண்டாம். இங்கே இறங்கியதும் கிராம அலுவலரின் வதிவிடக் கடிதம், பிறகு வலயக் கல்வி அலுவலகம், அதன்பிறகு பாடசாலை என்ற வரிசையில் போங்கள். பெயரின் எழுத்து எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அங்கிருக்கும்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் தகப்பன் பெயர் ஒரே எழுத்தாக முன்னால் நிற்கும், இங்கே முழுப்பெயர் கேட்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களையும் விட்டுவிட்டு வராதீர்கள். பதினொன்று, பன்னிரண்டு இயற்பியல், வேதியியல் புத்தகங்கள் புதுப் பாடத்திட்டம் வந்தபிறகு நன்றாகவே இருக்கின்றன, இணையத்தில் காசில்லாமல் எடுக்கலாம். மகள் ஏ.எல்.லுக்கு அவற்றைத் துணைக்கு வைத்துப் படித்தாள்.

வகுப்பு வாரியாகச் சொன்னால் என் கணிப்பு இதுதான். மூன்றாம் வகுப்புக்குள் என்றால் எப்போதும் வரலாம். ஆறிலிருந்து எட்டு வரைக்கும் நல்ல காலம், சிங்களமும் வரலாறும் பிடிக்க நேரமிருக்கிறது. ஒன்பது முடித்தவர்கள் தரம் 9 அல்லது 10க்கு வரலாம், ஒரு வருடம் கீழே விடச் சொன்னால் சம்மதியுங்கள். பதினொன்றில் இருக்கிற பிள்ளையை நடுவில் எழுப்பாதீர்கள், பன்னிரண்டை முடிக்கட்டும், முடிந்தால் பட்டத்தையும் அங்கேயே முடிக்கட்டும். ஏனென்றால் அந்தச் சான்றிதழோடு இங்கே அரச பல்கலைக்கழகத்துக்குள் போக இருக்கிற ஒதுக்கீடு மிகமிகச் சிறியது. பட்டத்தோடு வருகிறவர் அந்தப் பல்கலைக்கழகத்தை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றிருக்கிறதா என்று கல்லூரியில் சேருமுன்பே எழுதிக் கேட்க வேண்டும். வருவதென்று தீர்மானித்தால் அங்கே ஏப்ரலில் வருடம் முடிந்ததும் கிளம்புங்கள். இங்கே புது வகுப்பு ஜனவரியில்தான் தொடங்கும், இடையில் கிடைக்கிற மாதங்களில் பிள்ளை கீழ் வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்து வந்தாலே சொற்களும் ஊரும் கூட்டாளிகளும் பழகிவிடும்.